கீலெஸ் ஸ்கூட்டர் சுவிச் திரும்பல்லயா? புது யூனிட் வாங்க முதல் இத ஒருக்கா வாசிங்க

கீலெஸ் ஸ்கூட்டர், அதாவது திறப்புப் போடாம ரிமோட்டக் கிட்ட வச்சிக்கிட்டு சுவிச்ச அமத்தித் திருப்புற வண்டி, வச்சிரிக்கிற ஆக்களுக்கும் இனி வாங்கப் போற ஆக்களுக்கும், முக்கியமா என்னப் போல தூர இடத்துக்குத் தனியப் போய் வாற பொம்புளப் புள்ளையளுக்கும் எண்டுதான் இத எழுதுறன். இந்த வண்டி என்ட 35,000 ரூபாக்கு மேல தின்னிட்டு. அதோட நிண்டிருந்தா பரவால்ல, கடைசியில 145,000 ரூபாக்கு புது கீலெஸ் செட் ஒண்டு வாங்கச் சொன்னாங்க, நானும் சீட்டுக் காச எடுக்கிற அளவுக்குப் போய்ட்டன். உண்மையான பிழை என்ன எண்டு பாத்தா 1,000 ரூபா பெறுமதி இல்லாத ஒரு சாமான். இத முதலே ஆராவது சொல்லியிருந்தா எவ்வளவு அலைச்சல் மிஞ்சியிருக்கும். வண்டிட பேரையோ கராஜுட பேரையோ போடல்ல, அது தேவையுமில்ல, ஏனெண்டா இது எந்தக் கம்பனி கீலெஸ் வண்டிக்கும் வரக்கூடிய விசயம்.

நான் இரிக்கிறது மட்டக்களப்பு கல்லடியில, படிப்பிக்கிறது வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரையில, வெல்லாவெளிப் பக்கம். கல்லடியால வெளிக்கிட்டு களுவாஞ்சிகுடி வந்து பட்டிருப்புப் பாலத்தால ஏறிப் போறது. வண்டி செக்கன்ஹேண்ட். வாங்கக்குள்ளயே கேட்டன், மற்ற ரிமோட் எங்க, எமர்ஜென்சி திறப்பு எங்க எண்டு. வித்தவர், "வீட்ட எங்கயோ கிடக்கு தங்கச்சி, தேடி எடுத்துத் தாறன்" எண்டாரு. தேடினாரோ இல்லயோ, மாரி பிறக்கிற மட்டும் வந்து சேரல்ல.

மாரியில எங்கட பக்கம் எப்பிடி எண்டு தெரியும்தானே. வெல்லாவெளி மண்டூர் றோட்டால தண்ணி பாயத் தொடங்கிட்டா உழவு மெசின்தான் பஸ். அப்பிடி ஒரு நாள் தண்ணி கூடிட்டு எண்டு ஸ்கூட்டர பள்ளிக்கூட சைக்கிள் கொட்டிலுக்குள்ள விட்டுட்டு, ஹேண்டில் லொக்கும் போட்டுட்டு மெசினில ஏறி வந்திட்டன். பிறகு பள்ளிக்கூடமும் பூட்டி, தண்ணி வத்தி பஸ் ஓடத் தொடங்க ஒரு கிழமைக்கு மேல போயிட்டு. திறந்த அண்டைக்கு பஸ்ஸில போய், பள்ளி விட்டாப் பிறகு ரெய்ன்கோட்டையும் மாட்டிக்கொண்டு வந்து சுவிச்ச அமத்துறன், ஒரு அசுமாத்தமும் இல்ல. வழமையா அமத்தினா சுத்திவர ஒரு நீல வளையம் எரியும், பிறகு திருப்பலாம். அண்டைக்கு வளையமும் இல்ல, திருகியும் அசையல்ல. ரிமோட்ட அமத்திப் பாத்தா அதில லைட் எரியிது. ரிமோட்டில உயிர் இரிக்கு, வண்டியில இல்ல. இப்ப கேட்டா எனக்கு ஒரே வசனத்தில விளங்கும், அந்த நேரம் மழை இருட்டுக்குள்ள தலையில ஒண்டும் ஓடல்ல.

பக்கத்துக் கடையில ரிமோட் பற்றரி இரிக்கு எண்டு பெரிய வகுப்புப் பொடியன் ஒருத்தன் ஓடிப்போய் வாங்கியந்தான். திறந்து போட்டா உள்ளுக்க கலகல எண்டு ஆடுது. பாத்தா சிஆர்2025. கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" எண்டு குடுத்துவிட்டிரிக்காரு. ஒண்டில்ல. அந்த இலக்கத்தில முதல் ரெண்டும் அகலம், 20 மில்லிமீற்றர். கடைசி ரெண்டும் தடிப்பு, 25 எண்டா 2.5 மில்லிமீற்றர், 32 எண்டா 3.2. கூடுதலான கீலெஸ் ரிமோட்டுக்கு 2032தான் போடுறது. மெல்லிசு போட்டா தகட்டில சரியாப் படாம ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது, ஆளப் பைத்தியமாக்கும். வாங்கக்குள்ள பக்கற்றில இலக்கத்தையும் திகதியையும் பாருங்க, பக்கற் இல்லாம உதிரியா விக்கிற பற்றரி வாங்காதீங்க.

பள்ளிக்கூட வாச்சர் ஐயா வந்து சுத்திச் சுத்திப் பாத்திட்டு, "என்ன ரீச்சர், திறப்புப் போடுற ஓட்டையே இல்ல, இத எங்கால திறக்கிற?" எண்டு கேட்டாரு பாருங்க, எனக்கு அழுறதா சிரிக்கிறதா எண்டு தெரியல்ல. ஏனெண்டா அதுதான் உண்மையான கேள்வி. இந்த வண்டியில சீற் திறக்கிறதும் அதே சுவிச்சால, கரண்டில. பற்றரி இரிக்கிறது சீற்றுக்குக் கீழ. பற்றரி செத்தா சீற் திறக்காது, சீற் திறக்காட்டி பற்றரியத் தொட ஏலாது, வேற பைக்கில இருந்து வயர் குடுக்கவும் ஏலாது. அதுக்குத்தான் எமர்ஜென்சி திறப்பு எண்டு ஒண்டு தாறாங்க, அது வித்தவர்ட வீட்ட கிடக்கு. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் எண்டு ரெண்டு பொடியனுகள் நிண்டானுகள், ஓட்டோமெட்டிக் ஸ்கூட்டர தள்ளி ஸ்டார்ட் எடுக்க ஏலாது, எஞ்சின் ஓடினாத்தான் அதில கிளச்சே பிடிக்கும். மிதிக்கிற கிக்கும் இல்ல. ஹேண்டிலும் லொக்கில, உருட்டவும் வழியில்ல. பொழுது படுது, வாச்சர் ஐயா வேற "ஆன இறங்குற நேரம் ரீச்சர், வண்டியப் பாக்காம வெளிக்கிடுங்க" எண்டுறாரு. வெல்லாவெளிப் பக்கம் அது சும்மா பயங்காட்டுற கதை இல்ல. கடைசியா களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு பட்டா லொறி கூப்பிட்டு, நாலஞ்சு பேர் சேந்து முன் சில்ல அந்தரத்தில தூக்கி ஏத்தி, 7,500 ரூபா. மழையில பட்டா முன் சீற்றில இருந்து வரக்குள்ள எனக்கு வந்த ஆத்திரம் வித்தவர் மேலயா, வண்டி மேலயா, மழை மேலயா எண்டு இப்பவும் சொல்லத் தெரியா.

கராஜில கீழால கவரக் கழட்டி கேபிள இழுத்து சீற்றத் திறந்தாங்க. பற்றரி முழுக்க இறங்கிட்டு, இனிச் சார்ஜ் பிடிக்காது, புதுசு போடணும் எண்டாங்க. பற்றரி 18,500, கூலி 4,500. போட்ட உடன வளையம் எரிஞ்சிது, ஸ்டார்ட் ஆகிட்டு, சந்தோசம். ஏன் இறங்கினது எண்டு கேட்டதுக்கு "மழைக்கு நிண்டதுதானே ரீச்சர்" எண்டுட்டாங்க. மழைக்குப் பற்றரி இறங்காது. கரண்ட் எங்கயாவது போனாத்தான் இறங்கும். இத அடிச்சுச் சொல்லுற ஆள் பிறகுதான் கிடைச்சாரு.

தைப்பொங்கலுக்கு வானில குடும்பமா திருகோணமலை போய் அஞ்சாறு நாள் நிண்டு வந்தா, புதுப் பற்றரியோட மறுபடியும் அதே கதை. இந்த முறை வீட்டு வாசலில எண்டபடியா கொஞ்சம் நிதானம் இருந்திச்சு. திரும்ப கராஜ். சார்ஜ் ஏத்திட்டு, சுவிச்ச சேர்விஸ் பண்ணுறம் எண்டு 3,500 எடுத்து, ரெண்டு நாள் கழிச்சு சொல்லுறாங்க கண்ட்ரோல் யூனிட் கரண்ட் குடிக்குதாம், ரிமோட், யூனிட், சுவிச் எல்லாம் செட்டா மாத்தணுமாம், 145,000. இன்னொரு மெக்கானிக் பாஸ் அத விட மேல, "எல்லாத்தையும் வெட்டிட்டு டிரெக்ட் பண்ணி சாதாரண திறப்பு சுவிச் போட்டுத் தாறன், 15,000 தாங்க" எண்டாரு. அதுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க. கீலெஸ் எண்டுறது சுவிச் மட்டுமில்ல, கள்ளன் எடுக்காம எஞ்சினப் பூட்டி வைக்கிற வேலையும் அதே யூனிட்டுக்குள்ளதான். வெட்டினா சில வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் பிறகு விக்கக்குள்ள ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க.

எங்கட ஸ்டாஃப் ரூமில ஒரு சேர்தான் காத்தான்குடியில வயரிங் வேலை செய்யிற ஒரு நானா (முஸ்லிம் அண்ணாமார அப்பிடித்தான் கூப்பிடுறது) இரிக்காரு, அவரிட்ட காட்டாம காசக் குடுக்காதீங்க எண்டாரு. நானா வண்டியத் தொட முதல் ஒரு கேள்விதான் கேட்டாரு. "தங்கச்சி, இது ஓடிக்கிட்டு இரிக்கக்குள்ள செத்ததா, நிண்டு செத்ததா?" நிண்டுதான் நானா, ரெண்டு தரமும் நிண்டுதான் எண்டன். "அப்ப சுவிச்சில பிழை இல்ல" எண்டு சொல்லிட்டு மீற்றர எடுத்தாரு.

அவர் செஞ்சத பாத்தபடியே சொல்லுறன், ஏனெண்டா இது எந்த கராஜிலயும் கேட்டுச் செய்விக்கலாம். சுவிச் ஓஃப், ரிமோட்டத் தூரத்தில வச்சாச்சு. பற்றரிட நெகட்டிவ் வயரக் கழட்டி, கழட்டின வயருக்கும் பற்றரி முனைக்கும் நடுவில மீற்றர அம்பியரில வச்சுக் குடுத்தாரு. கொஞ்ச நேரம் பொறுத்தாரு, வண்டி நித்திரைக்குப் போகணுமாம். பிறகு பாத்தா 60 மில்லி அம்பியருக்குக் கிட்ட நிக்குது. கீலெஸ் வண்டி எப்பயும் ரிமோட்ட எதிர்பாத்துக்கிட்டே இரிக்கிறதால கொஞ்சம் கரண்ட் எடுக்கும்தான், ஆனா அது மிச்சம் சின்ன அளவு. 60 எண்டா ஒரு நாளைக்கு 1.4 அம்பியர்-மணித்தியாலம் மட்டில போகுது. என்ட பற்றரி முழுசா 7 அம்பியர்-மணித்தியாலம். கணக்குப் பாருங்க, அஞ்சு நாளில சுத்தமா முடிஞ்சிடும். நாள் தவறாம ஓடினா எஞ்சின் திரும்ப ஏத்திடும், அதால மாசக்கணக்கில ஒண்டும் தெரியா. வெள்ளத்துக்கும் பொங்கலுக்கும் நிப்பாட்டக்குள்ளதான் வெளியில வந்திரிக்கு.

பிறகு ஒவ்வொண்டாக் கழட்டிப் பாத்தாரு. முதல் மேலதிகமா பூட்டின சாமான், பிறகு ஃபியூஸ். முன்னுக்குச் சின்னப் பெட்டிக்குள்ள, பழைய ஆள் பூட்டின ஃபோன் சார்ஜர் ஒண்டு இரிக்கு, றப்பர் மூடியத் திறந்தா சிவப்பு இலக்கத்தில வோல்ட் காட்டும். அதுட வயர உருவினாரு, மீற்றர் 60ல இருந்து ஒரே அடியா விழுந்து ஒத்த இலக்கத்துக்கு வந்திட்டு. அவ்வளவுதான். அந்தச் சார்ஜர சுவிச்சால வாற லைனில குடுக்காம நேர பற்றரியில குடுத்திரிக்காங்க, மூடிக்குக் கீழ இருவத்திநாலு மணித்தியாலமும் எரிஞ்சுக்கிட்டுக் கிடந்திரிக்கு. பகிடி என்னெண்டா, கராஜில வேலை செஞ்ச பொடியன் அந்த மூடியத் திறந்து எனக்கே காட்டி "நல்ல சாமான் ரீச்சர், பற்றரி எவ்வளவு இரிக்கெண்டு காட்டும்" எண்டவன். நானா அதுக்கு ரிலே ஒண்டு போட்டு, சுவிச் ஓன் ஆனா மட்டும் எரியிற மாதிரி மாத்தி, ரிலேயோட சேத்து 2,500 எடுத்தாரு. அதுக்குப் பிறகு ஒரு கிழமை நிப்பாட்டிப் பாத்திட்டன், ஒரே அமத்தில வளையம் எரியிது. ஆனா ரெண்டு நாள் சுத்தமா இறங்கிக் கிடந்ததால அந்தப் புதுப் பற்றரிட ஆயுள் குறைஞ்சிட்டு எண்டுதான் நானா சொன்னாரு, அது போனது போனதுதான்.

இப்ப நான் விளங்கிக்கொண்டத சொல்லுறன். கீலெஸ்ஸில ரெண்டு பற்றரி, ஒண்டு ரிமோட்டுக்குள்ள 3 வோல்ட் பட்டன், மற்றது வண்டிட 12 வோல்ட். சுவிச்ச அமத்தின உடன வண்டி கிட்டடிக்கு மட்டும் கேக்கிற ஒரு சிக்னல விடும், ரிமோட் அதுக்கு இரகசிய இலக்கத்தில பதில் சொல்லும், பதில் சரியெண்டாத்தான் சுவிச்சுக்குள்ள இரிக்கிற பூட்டு கரண்டில விலகும், பிறகு கையால திருப்பலாம். ஆகவே வளையம் எரியவே இல்லாட்டி ரெண்டு பக்கமும் பாருங்க, முதல் ரிமோட் பற்றரி, பிறகு வண்டிப் பக்கம், அதாவது 12 வோல்ட் பற்றரியோ அதுட முனையோ ஃபியூஸோ. இதில இன்னொரு சின்ன விசயம், ஹேண்டில் லொக்கில இரிக்கக்குள்ள முன் சில்லு எங்கயாவது முட்டிக்கிட்டு நிண்டா லொக் ஊசி இறுகி சுவிச் திரும்பாது, ஹேண்டில மெல்லமா இடம் வலம் ஆட்டிக்கிட்டே திருப்பினாச் சரி. திரும்பி ஓன் ஆகி, ஸ்டார்ட் மட்டும் ஆகாட்டி அது கீலெஸ் இல்ல, பிறேக் பிடிச்சிரிக்கா, சைட் ஸ்டாண்ட் மேல போயிட்டா எண்டு பாத்திட்டு மற்ற யோசினைய யோசிங்க.

ரிமோட்டில லைட் எரியிறத மட்டும் நம்பாதீங்க. பற்றரி இளைச்சாலும் லைட் மங்கலா எரியும், சிக்னல்தான் போகாது. முதல்ல ரெண்டு மூண்டடி தூரத்தில பிடிச்சது, இப்ப சுவிச்சோட ஒட்டி வச்சாத்தான் பிடிக்குது எண்டா பற்றரி மாத்துற நேரம் வந்திட்டு. மீற்றர் இருந்தா புது 2032 ஒண்டு 3 வோல்ட்டுக்கு மேல காட்டும். மாத்தக்குள்ள விரலால தட்டத் தொடாம ஓரத்தில பிடிங்க, பிளஸ் பக்கம் எது எண்டு கழட்ட முதல் ஃபோனில ஒரு படம் எடுங்க, உள்ளுக்க இரிக்கிற றப்பர் வளையம் நழுவாமப் பூட்டுங்க, இல்லாட்டி எங்கட மழைக்கு ஒரு மாசத்தில பச்சக் களிம்பு பிடிச்சிடும். ரிமோட்டையும் ஃபோனையும் ஒரே பொக்கற்றில போடாதீங்க, ஒட்டியிருந்தா சிக்னலக் குழப்பும், டீவி, கொம்பியூட்டர் பக்கத்தில வச்சா பற்றரியும் கெதியா இறங்கும். குறிப்பிட்ட ஒரு இடத்தில மட்டும் பிடிக்குதில்ல, உதாரணமா கோபுரம் இரிக்கிற சந்தியில, எண்டா வண்டிய கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க, ஒரு சாமானும் மாத்த வேண்டிவராது. மழைக்கும் கழுவினாப் பிறகும் மட்டும் பிழை வருதெண்டா வயர் சொக்கற்றுக்குள்ள தண்ணி போயிரிக்கும். கல்லடி, நாவலடி, கடற்கரைப் பக்கம் இரிக்கிற நாங்க இதில கூடக் கவனம், உப்புக் காத்துக்கு சொக்கற்றெல்லாம் பச்சையாகிடும். சேர்விஸ் ஸ்டேசனில அந்தப் பெரிய பிறஷர் தண்ணிய சுவிச்சில நேர அடிக்க விடாதீங்க, திருகி இறுகுதெண்டு எண்ணெயும் ஊத்தாதீங்க, அதில தூசு பிடிச்சு இன்னும் இறுகும். கொண்டாக்ட் கிளீனர் எண்டு கேட்டா ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில தருவாங்க, அதுதான் அடிக்கிறது.

12 வோல்ட் பற்றரிக்கு, காலமையில ஸ்டார்ட் எடுக்க முதல் 12.6க்குக் கிட்ட இரிக்கணும். 12க்குக் கீழ போனா கவலைப்படலாம். எஞ்சின் ஓடக்குள்ள 13.5ல இருந்து 14.5 மட்டில காட்டணும், காட்டாட்டி சார்ஜ் ஏறல்ல, அது வேற வருத்தம். 2,000 ரூபா மீற்றர் ஒண்டு வாங்கி வச்சிரிக்கன், வாழ்க்கையில இவ்வளவு பிரயோசனமா ஒண்டும் வாங்கல்ல எண்டு சொல்லலாம். நீண்ட லீவுக்கு வண்டிய விட்டுட்டுப் போறதெண்டா நெகட்டிவ் வயரக் கழட்டிட்டுப் போங்க, ஆனா எமர்ஜென்சி திறப்பு கையில இல்லாம சீற்ற மூடிடாதீங்க.

அந்தத் திறப்புக் கதைதான் பெரிய கதை. செக்கன்ஹேண்ட் கீலெஸ் எடுக்கிற ஆக்கள் ரெண்டு ரிமோட், எமர்ஜென்சி திறப்பு, ஐடி இலக்கம் அடிச்ச சின்னத் தகடு, இந்த மூண்டும் கைக்கு வராம முழுக் காசையும் குடுக்காதீங்க. பல மொடல்ல ரிமோட் துலைஞ்சாலும் செத்தாலும் அந்த இலக்கத்த சுவிச்சால அமத்தி அமத்திப் போட்டு வண்டியத் திறக்கலாம், எப்பிடி எண்டது உங்கட வண்டிட புத்தகத்தில இரிக்கும், தேவைப்படுற நாளில தேடாம இண்டைக்கே வாசிச்சு வைங்க. இலக்கம் இல்லாம ரிமோட்டும் துலைஞ்சா முழு யூனிட்டையும் மாத்தச் சொல்லித்தான் கூடுதலா சொல்லுவாங்க. அந்தத் தகட்டையும் திறப்பையும் சீற்றுக்குக் கீழ வைக்கிற ஆக்களும் இரிக்காங்க, ஏன் வைக்கக்கூடா எண்டு வெல்லாவெளி வாச்சர் ஐயாவக் கேட்டாச் சொல்லுவாரு. எனக்கு வித்தவர் கனக்க கோல் எடுத்தாப் பிறகு அவருட மேச லாச்சிக்குள்ள இருந்து எடுத்துத் தந்தாரு. திறப்ப இப்ப என்ட கைப்பைக்குள்ள வச்சிரிக்கன், இலக்கத்த ஒரு கொப்பியில எழுதி வீட்ட வச்சிட்டன், மற்ற ரிமோட் அலுமாரிக்குள்ள, வண்டி நிக்கிற இடத்துக்குத் தூர. வண்டிக்குக் கிட்டயே ரிமோட்டத் தொங்கவிட்டா வாசலால வாறவன் சுகமா வண்டிய எடுத்துக்கிட்டுப் போவான்.

கழட்டின பட்டன் பற்றரிய மேசையில, ஜன்னல் கட்டில போட்டுவைக்காதீங்க. சின்னப் புள்ளையள் விழுங்கினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே தொண்டக் குழாய எரிச்சிடும். விழுங்கிட்டு எண்டு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்கிறது, வாழப்பழம் குடுக்கிறது எண்டு நிக்காம நேர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க, போகக்குள்ள அந்தப் பக்கற்றையும் எடுத்துக்கிட்டுப் போனா டொக்டருக்கு என்ன பற்றரி எண்டு தெரியும்.